மேட்டூர் நீர்மட்டமும் மாநிலச் செய்திகளும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மணப்பாறைக்காரன். திருச்சியில் இதழியல் முதுகலை படிக்கிறேன். காவிரிப் படுகை பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளில் திருச்சி வானொலியின் பெயர் அங்கங்கே வருகிறது. அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

என் தாத்தாவுக்கு இன்றைக்கும் பிற்பகல் 1.45 என்றால் திருச்சி வானொலியின் மாநிலச் செய்திகள்தான். சாப்பாட்டு நேரத்தையே அதற்குத் தகுந்தபடி வைத்திருக்கிறார். "இதெல்லாம் காலையிலேயே போன்ல வந்துருச்சு தாத்தா" என்றால், "வந்துச்சு சரி, யாரு சொன்னது?" என்று கேட்பார். பெரும்பாலும் என்னிடம் பதில் இருக்காது.

எங்கள் பாடத்தில் வானொலிச் செய்திக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு வகுப்பு. "அது அரசாங்க ஊதுகுழல். அதில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். மறுத்துப் பேச எனக்கு விவரம் போதவில்லை. பல ஊர்களில் மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பை நிறுத்திவருவதாக இப்போது படிக்கிறேன்.

திருச்சி வானொலி எப்படி வந்தது, அதன் செய்திக்கு அப்படி என்ன மதிப்பு இருந்தது? ஊதுகுழல் என்பது உண்மைதானா? இன்றைக்கு ஒரு வட்டாரச் செய்தி வானொலியைப் புதிதாகத் தொடங்கினால் அது எப்படி இருக்க வேண்டும்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
க., மணப்பாறை

*

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வகுப்பில் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மழுப்பக் கூடாது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அகில இந்திய வானொலி எப்படி இருந்தது என்பது நாடறிந்த விஷயம். 1975 ஜூன் 26 காலை இந்திரா காந்தி வானொலியில் பேசிய பேச்சோடு தொடங்கியது அந்தக் காலம். அதற்குப் பிறகு எதிர்க்கட்சி என்று ஒன்று நாட்டில் இருப்பதாகவே செய்திகளிலிருந்து தெரியவில்லை. 1984 அக்டோபர் 31 அன்று அதே இந்திரா காந்தி காலையில் சுடப்பட்டார். பி.பி.சி. அந்தச் செய்தியைச் சொல்லிப் பல மணி நேரம் கழித்து, மாலையில்தான் நம் வானொலி அவருடைய மரணத்தை அறிவித்தது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவருடைய மகனே பி.பி.சி.யைத் திருப்பித்தான் விவரம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வானொலியை அரசின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-லேயே அறிக்கை கொடுத்தது. வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் தன்னாட்சி தரும் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990-ல், நடைமுறைக்கு வந்தது 1997-ல். வந்த பிறகும் செய்திப் பிரிவின் நிறம் பெரிதாக மாறவில்லை. மாநிலச் செய்திகளைத் தொடர்ந்து கேட்பவருக்கு இது விளங்கும். அமைச்சர் திறந்துவைத்தார், ஆட்சியர் தொடங்கிவைத்தார், நலத்திட்ட உதவிகள் வழங்கப்பட்டன என்றுதான் வரிசை போகும். திறந்துவைத்த கட்டடம் ஒழுகுகிறதா என்று பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசியலில் நடுங்கிய அதே வானொலி, தண்ணீர் விஷயத்தில், மழை விஷயத்தில், விதை விஷயத்தில் கேட்பவனுக்கு அவ்வளவு உண்மையாக இருந்தது. அந்த உண்மை எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்தது என்பது இதழியல் மாணவர் படித்தே ஆகவேண்டிய பாடம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. படுகையில் வயதானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வெள்ளம் அது. கரையில் இருந்தவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல எந்த வழியும் அப்போது இல்லை. அதே மாதம் 31-ம் தேதி சென்னையில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. மூன்று வருடத்தில் பணமில்லாமல் கிளப் நின்றுபோனது. அதன் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. மாலையில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியில் பாட்டு, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு நகராட்சி நிர்வாகம் எட்டு வருடம் வானொலி நடத்தியது என்பதை நம் ஊரில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ள வேண்டும். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அது நின்றது.

பதினோரு மாதம் கழித்து, 1939 மே 16 அன்று, திருச்சி நிலையம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்த காலம். ஐந்து கிலோவாட் மத்திய அலை. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை மொத்தம் ஆறு நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் ஒன்று திருச்சி என்பதை யோசித்துப் பாருங்கள். மற்ற ஐந்தும் தலைநகரங்கள். தலைநகராக இல்லாத ஓர் ஊருக்கு, சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாக இருந்த ஊருக்கு, அந்தக் காலத்திலேயே ஒரு நிலையம் கிடைத்திருக்கிறது. அதன் பிறகான குணம் முழுவதும் இந்த இடத்தால் வந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் ஆரம்பத்தில் செய்தி டெல்லியிலிருந்துதான் வந்தது. உலகப் போர்க் காலத்தில் இந்திய மொழிச் செய்திகள் எல்லாவற்றையும் டெல்லியிலேயே தயாரித்து, அங்கிருந்தே வாசித்தார்கள். மற்ற நிலையங்கள் அதை அப்படியே அஞ்சல் (ரிலே) செய்தன. 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் சொன்ன பூர்ணம் விசுவநாதன் டெல்லியில் இருந்துதான் வாசித்தார். பிற்காலத்தில் நடிகராக நீங்கள் பார்த்திருக்கும் அவரேதான். அதற்கடுத்த தலைமுறைக்கு "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்ஸ்வாமி". காலை 7.15-க்கு அந்தக் குரல் கேட்டால் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று பொருள். டெல்லிச் செய்தியில் குரலும் உச்சரிப்பும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் கல்லணை வராது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாகச் செய்திப் பிரிவு என்ற ஏற்பாடு 1950-களில்தான் மெல்லத் தொடங்கியது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாநிலச் செய்திகள் வர ஆரம்பித்த பிறகுதான், வானொலி எங்கள் ஊரைப் பற்றியும் பேசும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்தது.

நான் பாபநாசம் பக்கம். எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஒரு சின்ன அறை, அதற்குள் பூட்டிய பெட்டியில் ரேடியோ, வெளியே கம்பத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி. சாவி பஞ்சாயத்துச் சிப்பந்தியிடம் இருக்கும். அவருக்குப் பாட்டில் ஆசை கிடையாது, ஆகவே செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஒருநாளும் தவறாது. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அந்தக் கம்பத்தடியில் கூட்டம் கூடும். டெல்லியில் யார் மந்திரி என்பதற்காக வந்த கூட்டம் இல்லை அது. மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை கன அடி வரத்து, திறப்பார்களா மாட்டார்களா என்பதற்காக வந்த கூட்டம்.

படுகைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது அத்தனை ஆயிரம் மில்லியன் கன அடி. குறுவை என்ற குறுகிய கால நெற்பயிருக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கல்லணையில் பிரிந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாகப் போய், பாசனத்தின் கடைசி எல்லையான கடைமடைக்கு எட்ட இன்னும் பல நாள். நாற்றங்கால் என்றைக்கு விடுவது, உழவுக்கு யாரைச் சொல்வது, விதைநெல்லை எப்போது ஊறப்போடுவது என்ற அத்தனையும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஒரு நாள் முந்தினாலும் நாற்று காயும், ஒரு வாரம் பிந்தினால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு நாளிதழ் எங்கள் ஊருக்கு வரும்போது பகல் ஆகிவிடும், அதுவும் டீக்கடைக்கு ஒன்று. வானொலி சொன்ன அடிக்கணக்கை வைத்துத்தான் என் அப்பா ஆளுக்குச் சொல்லி அனுப்புவார். அந்த எண் தப்பாக இருந்தால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு போகம் போகும். அது தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை எப்படி உருவாகிறது என்று உங்கள் வகுப்பில் பேசுவீர்களே, இப்படித்தான் உருவாகிறது. கேட்பவன் மறுநாளே வாய்க்காலில் இறங்கிச் சரிபார்க்கக்கூடிய செய்தியைத் தினமும் சொல்லி, தினமும் சரியாக இருப்பது. வேறு வழி கிடையாது.

இதன் உச்சம் என்று நான் நினைப்பது 1960-களின் நடுவில் நடந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் ரகத்தோடு நம் ரகத்தைக் கலந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை உருவாக்கியிருந்தார்கள். குறுவைக்குப் பொருத்தமான நெல். தஞ்சை மாவட்டத்தில் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1966-ல் திருச்சி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு வந்தது. வேளாண்மைத் துறையும் வானொலியும் கைகோத்து அந்த நெல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. நாற்றுக்கு எத்தனை நாள், நடவில் இடைவெளி எவ்வளவு, உரம் எப்போது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று பருவம் முழுக்கப் பயிரோடு கூடவே பேசிக்கொண்டு வந்தார்கள். முன்னோடி விவசாயிகளை அழைத்து வந்து அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ரேடியோ நெல். விதைக்கடையில் போய் "ரேடியோ நெல் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். உலகத்தில் எத்தனையோ பெரிய செய்தி நிறுவனங்களுக்கு எத்தனையோ விருதுகள் கிடைத்திருக்கின்றன. கேட்பவர்கள் தங்கள் சோற்றுக்கே அதன் பெயரை வைத்த பெருமை வேறு எந்த நிலையத்துக்கு உண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, செய்தியை எழுதும் தொழில். இதை நீங்கள் கட்டாயம் கற்க வேண்டும். வானொலிச் செய்திப் பிரிவில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு நண்பர் எனக்குச் சொல்லித் தந்தது இது. மாநிலச் செய்தி என்றால் பத்து நிமிடம். அதற்குள் ஒரு நாளிதழின் முதல் பக்கம்கூட முழுதாக அடங்காது. மாவட்டங்களில் இருக்கும் பகுதிநேரச் செய்தியாளர்கள் தொலைபேசியில் சொல்வார்கள். செய்தி நிறுவனங்களின் செய்திகள் டெலிபிரின்டர் என்ற தட்டச்சு இயந்திரத்தில் ஆங்கிலத்தில் வந்து கொட்டும். ஒரு செய்திக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். வாசிப்பவர் ஒலிபரப்பு அறைக்குள் போன பிறகும் புதிய செய்தி வந்தால் ஒரு தாளை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகலாம். நேரம் போதாவிட்டால் கடைசித் தாளை விடலாம். தாள் புரளும் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்பதால் குண்டூசியோ கிளிப்போ போட மாட்டார்கள்.

எழுத்தில்தான் உண்மையான வித்தை. கீழே இருப்பது நாளிதழ்களில் வழக்கமாக வரும் மாதிரி. நானே எழுதிக் காட்டுகிறேன்:

"கர்நாடகத்தில் பெய்துவரும் கனமழை காரணமாக கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து திறக்கப்பட்ட உபரிநீர் ஒகேனக்கல் வழியாக வந்துகொண்டிருப்பதால் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 118 அடியாக உயர்ந்துள்ள நிலையில், அணையிலிருந்து எந்த நேரத்திலும் உபரிநீர் வெளியேற்றப்படலாம் என்பதால் காவிரிக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு நீர்வளத் துறையினர் அறிவுறுத்தியுள்ளனர்."

கண்ணால் படிப்பவர் குழம்பினால் மேலே போய் மறுபடி படிக்கலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. "கரையோர மக்கள்" என்ற இடம் வருவதற்குள் அடுப்படியில் தாளிக்கிற சத்தத்தில் பாதி போயிருக்கும். கரையோரம் இருப்பவருக்கு இது தனக்கான செய்தி என்று தெரிவதே கடைசியில்தான். வானொலியில் இதையே இப்படி எழுதுவார்கள்:

"காவிரிக் கரையோரம் வசிப்பவர்கள் மேடான இடங்களுக்குப் போகும்படி நீர்வளத் துறை கேட்டுக்கொண்டுள்ளது. மேட்டூர் அணை நிரம்பும் நிலையில் உள்ளது. இன்று காலை எட்டு மணிக்கு அணையின் நீர்மட்டம் நூற்றுப் பதினெட்டு அடி. அணையிலிருந்து எந்த நேரமும் உபரிநீர் திறக்கப்படலாம்."

நான்கு வாக்கியம். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வாசிக்கத் தக்கது. யாருக்குச் செய்தியோ அவர் முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறார். எண்ணை எழுத்தில் எழுதியிருப்பது வாசிப்பவர் தடுக்காமல் இருக்க. எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்பதும் உண்டு. அது இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வெள்ளச் செய்திகளில் முதலில் காணாமல்போவது இந்த நேரமும் தேதியும்தான். போன வருட வீடியோ இந்த வருடம் ஊரையே கிளப்பிவிடுகிறது. உங்கள் தாத்தா கேட்ட "யாரு சொன்னது?" என்ற கேள்வியோடு "எப்போ சொன்னது?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத தாளை அந்த நண்பருடைய மேசை தாண்ட விட்டதில்லை.

நிகழ்ச்சி வரிசையையும் பாருங்கள். வால்டர் காஃப்மன் அமைத்த அந்தத் தொடக்க இசை, வந்தே மாதரம், மங்கள இசையாக நாகஸ்வரம், பக்திப் பாடல். பிறகு செய்தி, வானிலை, விவசாயிகளுக்கான குறிப்பு. பகலில் மகளிர் நிகழ்ச்சி, நேயர் விருப்பம். மாலையில் சந்தை நிலவரம், அணைகளின் நீர்மட்டம், கிராம நிகழ்ச்சி, இளைஞர்களுக்கு இளைய பாரதம், இரவில் கச்சேரியோ நாடகமோ. இடையிடையே காணாமல்போனவர்கள் பற்றிய அறிவிப்பு. செய்தி என்று தலைப்புப் போட்டு வந்தது பத்து நிமிடம்தான், ஆனால் அந்த நாள் முழுவதிலும் செய்தி கலந்திருந்தது. கத்தரிக்காய் விலையும் செய்திதான். நாகையில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் செய்திதான். இருபத்துநான்கு மணி நேரமும் கத்துகிற தொலைக்காட்சிகளைப் பார்த்து வளர்ந்த உங்கள் தலைமுறைக்கு இது விநோதமாகத் தோன்றலாம். எனக்கு இதுதான் முறையாகத் தோன்றுகிறது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது பாட்டுப் போட வேண்டும்.

இந்தக் குரல் கடலையும் தாண்டியது. மத்திய அலை உப்புநீர் மேல் வெகுதூரம் போகும், அதனால் யாழ்ப்பாணத்தில் திருச்சி வானொலி நன்றாகவே கேட்கும். 90-களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அங்கே மின்சாரம் இல்லை, பேட்டரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். லண்டனின் தமிழோசை, மணிலாவின் வெரித்தாஸ், திருச்சி எல்லாம் அப்படித்தான் அந்த வீடுகளுக்குள் போயின. தமிழோசை 1941-ல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் நின்றது. நின்ற அன்று அங்கிருந்த நண்பர்கள் எழுதியதைப் படித்தபோது, ஒரு நிலையத்தை மூடுவது வெறும் செலவுக் கணக்கு என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அதே கோபம் மத்திய அலை விஷயத்திலும் உண்டு. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் 100 கிலோவாட் சக்தி கொண்டது. ஓர் இடத்தில் நின்றுகொண்டு வேதாரண்யம் முதல் கரூர் வரை பகலிலேயே பேசக்கூடியது. எஃப்.எம். ஒலி துல்லியமானது, ஆனால் கோபுரத்தின் கண்ணுக்கு எட்டிய தூரம்தான் அதன் எல்லை. அறுபது எழுபது கிலோமீட்டருக்கு மேல் நம்ப முடியாது. மத்திய அலைக்கு மின்செலவு அதிகம், பழைய இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம், கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையேறியதே, அதை நினைத்துப் பாருங்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன, போனில் சார்ஜ் இல்லை. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் லாரி வருகிறது என்பதைப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேட்டரி போட்ட பெட்டி இருந்தவருக்கு மட்டும் வெளியுலகம் இருந்தது. கடற்கரைக்கு வெகுதூரம் உள்ளே, புயல் எட்டாத இடத்தில் நிற்கும் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டரின் அருமை அப்படிப்பட்ட பத்து நாளில்தான் தெரியும். அந்தப் பத்து நாளுக்காக மீதி நாளெல்லாம் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டியை அப்படித்தானே வைத்திருக்கிறோம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. முதலில் சட்டம். இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது. அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தொலைக்காட்சிக்குச் செய்தி திறந்துவிடப்பட்டது, நாளிதழுக்கு எப்போதும் உண்டு, இணையத்தில் யாரும் சொல்லலாம். வானொலிக்கு மட்டும் தடை. 2011-ம் ஆண்டுக் கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம் என்று ஒரு சலுகை கொடுத்தது. 2013-ல் பொதுநல வழக்குகள் தொடுக்கும் காமன் காஸ் அமைப்பு இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தடை இன்னும் இருக்கிறது. மிக மலிவான, எழுத்தறிவு தேவைப்படாத ஊடகத்துக்கு மட்டும் வாய்ப்பூட்டு என்பதை ஜனநாயக நாட்டில் எப்படி நியாயப்படுத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் முழுப் பழியையும் சட்டத்தின் மேல் போட முடியாது. அதே 2011 கொள்கை வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை இவற்றையெல்லாம் செய்திக் கணக்கில் சேர்க்கவில்லை. தனியார் நிலையங்கள் இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். ரேடியோ நெல்லை உண்டாக்கிய அந்த வகை ஒலிபரப்பு முழுவதற்கும் அனுமதி இருக்கிறது. அவர்கள் செய்வது சினிமாப் பாட்டும் அரட்டையும். கேட்டால் விளம்பரம் வராது என்கிறார்கள். பாம்பனில் 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, 2016-ல் தொடங்கியது, 90.4-ல் வருகிறது. மீனவர்களுக்காக மீனவர்கள் பேசும் நிலையம். காற்று எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா என்பதுதான் அதன் முதல் வேலை. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி நூறு வாட் அளவுதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் அதிகம். அந்தச் சிறிய வட்டத்துக்குள் அவர்கள் செய்வதைப் பெரிய நிலையங்கள் செய்யவில்லை.

நான் ஒரு நிலையம் தொடங்கினால் அதன் எல்லையை மாவட்டக் கோட்டை வைத்துப் போட மாட்டேன், ஆற்றை வைத்துப் போடுவேன். மேட்டூரில் தொடங்கி, முக்கொம்பு, கல்லணை வழியாகக் கடைமடை வரை. வட்டத்துக்கு ஒரு செய்தியாளர் போதும், ஆனால் அவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடச் செய்தி நான்கு முறை.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன வரும் என்பதற்கு ஓர் உதாரணம். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் போயிருக்கிறீர்களா? நெல்லின் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை பெய்தால் அது இருபதைத் தாண்டும். சாலையோரம் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, இரவில் காவல் கிடந்து, நாட்கணக்கில் விவசாயி காத்திருக்கிறார். என் நிலையம் முதலில் சொல்ல வேண்டியது: இன்று எந்தெந்த நிலையம் திறந்திருக்கிறது, எங்கே சாக்கு தீர்ந்துவிட்டது, ஈரப்பதத் தளர்வு ஆணை வந்துவிட்டதா, நாளை மழை உண்டா. இது பழைய வானொலி அறிந்த வேலை, அதன் வம்சத்தில் நின்று செய்யலாம். ஆனால் அதற்கடுத்த தாளில் அது எழுதப் பயந்ததையும் எழுத வேண்டும்: சாக்கு ஏன் தீர்ந்தது, மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது யார், எடுத்த நெல்லை மூடிவைக்கக் கிடங்கு இல்லாமல் திறந்தவெளியில் அடுக்கியது யார் முடிவு. பொறுப்பான அதிகாரியின் பதிலை அவர் குரலிலேயே போட வேண்டும். பதில் தர மறுத்தால் மறுத்தார் என்று சொல்ல வேண்டும். முதல் தாளை ஒரு வருடம் தப்பில்லாமல் வாசித்த நிலையத்துக்குத்தான் இரண்டாவது தாளை வாசிக்கும்போது ஊர் பின்னால் நிற்கும். முதல் தாள் இல்லாமல் இரண்டாவதை மட்டும் வாசிப்பவர்கள் நிறைய வந்துவிட்டார்கள். அவர்களை எந்தப் பக்கத்துக்காரர் என்றுதான் ஜனங்கள் கேட்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மணப்பாறை வட்டத்துக்கு மட்டும் ஒரு பத்து நிமிடச் செய்தி தயாரியுங்கள். மாட்டுச் சந்தை விலை, அரசு மருத்துவமனையில் இன்று எந்த மருத்துவர் இருக்கிறார், குடிநீர் எந்தத் தெருவுக்கு எப்போது, கடந்த கிராம சபையில் நிறைவேற்றிய தீர்மானம் என்ன ஆனது என்று பதினைந்து தாள் எழுதுங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதைக் குறித்துவையுங்கள். கடிகாரம் வைத்துக்கொண்டு உரக்க வாசித்துப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் ஒலிக்கோப்பையும் தாள்களையும் எனக்கு அனுப்புங்கள், தாள் தாளாகப் பேசுவோம்.

அன்புடன்.